‘என்று கூறப்படுகிறது’: வரலாற்றெழுத்தில் வரம்புச் சொற்கள்

நீதிமன்ற நடைமுறையோடு சிறிதேனும் பழகியவர்க்குக் ‘கேவியட்’ மனு புதிதன்று. ‘அவர் எச்சரிக்கையாய் இருக்கட்டும்’ என்று பொருள்படும் இலத்தீன் வினைச்சொல் அது. 1976ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 148அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. தம்மைக் கேளாமல் எதிர்த்தரப்பினருக்குச் சார்பாக ஆணை பிறப்பிக்கலாகாது என்று ஒருவர் முன்கூட்டியே மனுச் செய்துகொள்ள அப்பிரிவு இடமளிக்கிறது. அம்மனு 90 நாட்கள் நடப்பில் இருக்கும்.

எழுத்துலகிலும் ஆங்கிலத்தார் இச்சொல்லை வழங்குகின்றனர். ஒரு கூற்றையோ அறிவுரையையோ முன்வைக்கும் ஆசிரியர், அது எந்தச் சான்றின்மேல் நிற்கிறது, எவ்வளவு தூரம் செல்லும், எவ்விடத்தில் செல்லாது என்பவற்றைக் காட்டச் சேர்க்கும் சொற்களை அவர்கள் கேவியட் என்பர். ‘பெர்ஹாப்ஸ்’, ‘ப்ராபப்ளி’, ‘இட் இஸ் செட்’ போன்றவை அவ்வகையின. நம் மொழியில் ‘போலும்’, ‘கூடும்’, ‘என்பர்’, ‘நாமறிந்த வரையில்’, ‘என்று கூறப்படுகிறது’ என்பன அப்பணியைச் செய்கின்றன. இவற்றை இக்கட்டுரையில் ‘வரம்புச் சொற்கள்’ என்று குறிப்போம்.

இப்பொருளை இங்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. தமிழக முஸ்லிம்களின் வரலாற்றை எழுத முற்படுவோர் பலரும் ஆங்கிலேயர் ஆட்சிக்கால நூல்களையே முதலில் நாடுகின்றனர். அந்நூல்களின் செய்திகள் பள்ளிவாசல் விழா மலர்களிலும் ஊர் வரலாற்றுச் சிறு நூல்களிலும் தமிழாக இடம்பெறுகின்றன. அவ்வாறு இடம்பெறும்போது முதலில் உதிர்ந்துபோவது மூலத்திலிருந்த வரம்புச் சொல்லே. ‘என்று கூறப்படுகிறது’ என மூலம் சொன்னது, ‘நிகழ்ந்தது’ என்று தமிழில் அச்சேறிவிடுகிறது. இதனால் விளையும் கேடு எத்தகையது, நம் முன்னோர் இதற்கு என்ன வழி வகுத்தனர் என்பதை நோக்குவோம்.

முஹத்திஸ்கள் வகுத்த வாய்பாடு

செய்தியை ஆராயாமல் ஏற்கலாகாது என்பது முஸ்லிம்களுக்கு மார்க்கக் கடமையாகவே விதிக்கப்பட்டுள்ளது. தீயவர் ஒருவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் ஏவுகிறது. அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர்வதை பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 36ஆம் வசனம் தடுக்கிறது. கேட்டதையெல்லாம் அறிவிப்பதே ஒருவர் பொய்யர் ஆவதற்குப் போதுமானது என்னும் கருத்தமைந்த நபிமொழியை இமாம் முஸ்லிம்(ரஹ்) தம் ஸஹீஹின் முன்னுரையிலேயே பதிந்துள்ளார்.

இந்த அடிப்படையில் ஹதீஸ்கலை அறிஞர்கள் அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்ததை நாம் அனைவரும் அறிவோம். அவர்கள் சொல் வாய்பாட்டையும் வகுத்தனர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இப்னுஸ் ஸலாஹ்(ரஹ்) (இறப்பு ஹிஜ்ரி 643/கி.பி. 1245) முதலானோர் எடுத்துரைக்கும் நெறிப்படி, அறிவிக்கும் முறை இரு வகைப்படும். ‘கால’ (கூறினார்), ‘அமர’ (ஏவினார்) எனத் திட்டமாகச் சொல்வது ‘ஸீகத்துல் ஜஸ்ம்’, அதாவது உறுதி வாய்பாடு. ‘ருவிய’ (அறிவிக்கப்பட்டது), ‘யுருவா’ (அறிவிக்கப்படுகிறது) எனச் செயப்பாட்டு வினையில் சொல்வது ‘ஸீகத்துத் தம்ரீள்’. ‘மரீள்’ என்றால் நோயாளி. ஆகவே தம்ரீள் என்பது செய்தியின் நலிவை உணர்த்தும் வாய்பாடு. தொடரில் குறையுள்ள செய்தியை உறுதி வாய்பாட்டில் சொல்வது கூடாது என்பது விதி.

இமாம் புகாரி(ரஹ்) தம் நூலின் தலைப்புகளில் தொடரின்றி எடுத்தாளும் செய்திகளில் இவ்வேறுபாட்டைப் பிற்கால அறிஞர்கள் நுணுகி நோக்கினர். அவர் உறுதி வாய்பாட்டில் சொன்னவற்றை ஒரு தரத்திலும், நலிவு வாய்பாட்டில் சொன்னவற்றை வேறொரு தரத்திலும் வைத்தனர். ஒரு வினைமுற்றின் வடிவமே சான்றின் தரத்தை வாசகருக்கு அறிவித்தது. ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர் பெரிதும் போற்றும் இமாம் நவவீ(ரஹ்) (இறப்பு ஹிஜ்ரி 676/கி.பி. 1277), தம் ‘அல்மஜ்மூஉ’ நூலின் முன்னுரையில், ஃபிக்ஹ் நூலாசிரியர்கள் பலர் இவ்விதியைப் பேணாமல் ளயீஃபான செய்திக்கு உறுதி வாய்பாட்டையும் ஸஹீஹான செய்திக்கு நலிவு வாய்பாட்டையும் கையாள்வதைக் கடுமையாகக் கண்டிக்கிறார். இரண்டாவது பிழையையும் அவர் விட்டுவிடவில்லை என்பது கவனத்திற்குரியது. திண்ணமாகத் தெரிந்ததை ஐயத்தோடு சொல்வதும் அவர் பார்வையில் நேர்மைக் குறைவே.

வரலாற்றாசிரியர்களும் இம்மரபில் நின்றனர். இமாம் தபரீ(ரஹ்) (இறப்பு ஹிஜ்ரி 310/கி.பி. 923), தம் பெருநூலின் தொடக்கத்திலேயே, தமக்கு எட்டிய செய்திகளை எட்டியவாறே தருவதாகவும், அவற்றில் ஏற்கத்தகாதது காணப்பட்டால் அது அறிவித்தவர்களிடமிருந்து வந்தது என்றும் அறிவித்துவிடுகிறார். அல்பீரூனீ, ஏறத்தாழ 1030இல் முடித்த இந்தியா பற்றிய நூலை, கேள்விச் செய்தி கண்ணாற் கண்டதற்கு ஈடாகாது என்பதிலிருந்து தொடங்கி, செய்தியாளர்கள் பொய்யுரைப்பதற்கான காரணங்களை வகைப்படுத்துகிறார். தன்னலம், தன் இனத்தின்மீது பற்று, பிற இனத்தின்மீது பகை, அறியாமை என அவ்வரிசை நீள்கிறது. 1377இல் ‘முகத்திமா’வை எழுதிய இப்னு கல்தூன் இன்னும் ஒரு படி முன்சென்றார். மூஸா(அலை) அவர்களின் படையில் 6 லட்சம் பேர் இருந்தனர் என்று மஸ்ஊதீ முதலானோர் எழுதியதை எடுத்துக்கொண்டு, அத்துணைப் பெரும்படையை அந்நிலப்பரப்பு தாங்குமா, ஓரணியில் நின்று போரிடத்தான் இயலுமா என்று வினவினார். அறிவித்தவர் பெயரைச் சொல்லிவிட்டதோடு எழுதுவோரின் கடமை முடிந்துவிடவில்லை என்பது அவர் கொண்ட நிலை.

தமிழிலும் இம்மரபின் சாயலைக் காண்கிறோம். தொல்காப்பியர் இலக்கண விதியைத் தம் கூற்றாக நிறுத்தாமல் ‘என்ப’ என்றும் ‘என்மனார் புலவர்’ என்றும் முன்னோர்மேல் ஏற்றிச் சொல்வதும், உரையாசிரியர்கள் மாற்றுக் கருத்தை ‘என்பாரும் உளர்’ எனப் பதிந்துவிட்டுச் செல்வதும் அறிந்தவையே.

ஆங்கில உரைநடையில் ஐயத்தின் இடம்

ஆங்கிலத்தில் வரம்புச் சொற்கள் அறிவுலக ஒழுக்கமாக வேரூன்றியதில் 17ஆம் நூற்றாண்டுக்குச் சிறப்பிடம் உண்டு. 1660இல் இலண்டனில் தோன்றிய ராயல் சொசைட்டி, எவர் சொல்லையும் அப்படியே ஏற்பதில்லை என்னும் கருத்துடைய இலத்தீன் தொடரைத் தன் முழக்கமாக்கிக்கொண்டது. அதன் தொடக்க உறுப்பினருள் ஒருவரான ராபர்ட் பாயில், 1661இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பின் முன்னுரையில், ‘ஒருவேளை’, ‘தோன்றுகிறது’, ‘நிகழ்தற்கு அரியதன்று’ என்பன போன்ற சொற்களைத் தாம் ஏன் அடிக்கடி கையாள்கிறார் என விளக்கினார். தாம் சாய்ந்திருக்கும் கருத்துகளின் உண்மையில் தமக்கு முழு உறுதியில்லை என்பதை அச்சொற்கள் காட்டுகின்றன என்பது அவர் விளக்கம். சோதனையில் கண்டதை அவர் திட்டமாகவே எழுதினார். அதற்குக் கற்பிக்கும் காரணத்தை ஐயத்தோடு எழுதினார். ஜஸ்ம், தம்ரீள் என்னும் பாகுபாட்டை இது நமக்கு நினைவூட்டுகிறது. இரண்டுக்குமிடையே நேரடித் தொடர்பு இருந்தது என்பது நம் வாதமன்று. நேர்மையோடு அறிவைத் தேடுவோர் ஒரே தேவையை உணர்ந்தனர் என்பதே கருத்து.

பிற்காலத்தில் மொழியியலாரும் இச்சொற்களை ஆய்வுப் பொருளாக்கினர். அமெரிக்க மொழியியலார் ஜார்ஜ் லேக்காஃப் 1972இல் வெளியிட்ட கட்டுரையில் இவற்றை ‘ஹெட்ஜ்’, அதாவது வேலி என்று பெயரிட்டு ஆராய்ந்தார். அறிவியல் கட்டுரைகளில் இவ்வேலிகள் எவ்வாறு இயங்குகின்றன என்பதைக் கென் ஹைலண்ட் 1998இல் தனி நூலாகவே எழுதினார்.

லெப்பைகள் பற்றிய ஒரு குறிப்பு

இனி நம் சமூகத்தைத் தொட்ட ஒரு சான்றுக்கு வருவோம். மைசூரில் ஆங்கிலேயரின் ரெசிடெண்டாகப் பணியாற்றிய மார்க் வில்க்ஸ், தென்னிந்திய வரலாறு பற்றிய தம் நூலின் முதற்பகுதியை 1810இல் வெளியிட்டார். நவாயத்துகள் பற்றிய ஒரு குறிப்பு அதில் உள்ளது. ஹிஜ்ரி முதல் நூற்றாண்டின் இறுதியில், இராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜ் பின் யூஸுஃபின் கொடுமை தாங்காமல் ஹாஷிம் குடும்பத்தைச் சார்ந்த சிலர் தாயகம் துறந்து கப்பலேறினர். சிலர் கொங்கணக் கரையிலும், சிலர் குமரிமுனைக்குக் கிழக்கேயும் இறங்கினர். முன்னவரின் வழியினர் நவாயத்துகள், பின்னவரின் வழியினர் லெப்பைகள் என்பது அக்குறிப்பின் சாரம்.

அதன் தொடர்ச்சியில் வில்க்ஸ் கையாளும் மூன்று சொற்களைக் கவனிக்க வேண்டும். நவாயத்துகளோடு தாமும் ஒரே மூலத்தினர் என்று லெப்பைகள் சொல்வதைக் குறிக்க அவர் வழங்கும் வினை ‘ப்ரிடெண்ட்’. லெப்பைகள் தம் வீட்டு அடிமைகளின் வழியினர் என்று நவாயத்துகள் சொல்வதைக் குறிக்க வழங்கும் வினை ‘அஃபர்ம்’, அதாவது உறுதிபடக் கூறுதல். மூன்றாவதாக, லெப்பைகளின் முகத்தோற்றமும் உடலமைப்பும் அபிசீனியரை ஒத்துள்ளன என்பதைத் தம் சொந்தக் கருத்தாகச் சொல்லும் இடத்தில் அவர் இடும் சொல் ‘சர்ட்டென்லி’, அதாவது ஐயமின்றி.

‘ப்ரிடெண்ட்’ என்னும் வினைக்கு அக்கால ஆங்கிலத்தில் உரிமை கோருதல் என்ற பொருள் பெருவழக்காயிருந்தது. இங்கிலாந்தின் அரியணைக்கு உரிமை கோரிய ஸ்டூவர்ட் வழியினரை ‘ப்ரிடெண்டர்’ என அழைத்ததும் இப்பொருளிலேயே. ஆனால் பாசாங்கு செய்தல் என்னும் பொருளும் அச்சொல்லில் அப்போதே கலந்திருந்தது. இன்று அதுவொன்றே எஞ்சியுள்ளது. ஆகவே இன்றைய வாசகர் அவ்வரியைப் படிக்கும்போது, லெப்பைகள் இல்லாத குலமரபைப் பாசாங்காகச் சொல்லிக்கொள்வதாகவே விளங்கிக்கொள்வார். இரு தரப்பும் தத்தம் மரபைச் சொல்ல, ஒரு தரப்பின் கூற்றுக்கு மட்டும் ஐயத்தின் சாயல் ஏறிவிட்டது. சான்று மிகக் குறைந்த தோற்ற ஒப்புமைக்கோ உறுதிச் சொல் கிடைத்துவிட்டது. வரம்புச் சொற்களை யாருக்கு இடுவது, யாருக்கு விடுவது என்னும் தேர்விலேயே ஆசிரியரின் சார்பு அடங்கியிருப்பதை இதனின்று அறிகிறோம்.

அபிசீனிய வழியினர் என்பதோ அடிமைகளின் வழியினர் என்பதோ ஒரு முஸ்லிமுக்கு இழிவாகாது. பிலால்(ரலி) அவர்களைத் தலைமேல் வைத்துப் போற்றும் சமூகம் நாம். இங்கு வினா சான்றைப் பற்றியதே. முகச்சாயலைப் பார்த்துக் குலத்தைத் துணியும் முறை எந்த மக்களைப் பற்றியதாயினும் ஏற்கத்தக்கதன்று.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் 7 தொகுதிகளாக வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ நூலில் வில்க்ஸின் இக்குறிப்பை எடுத்தாண்டார். அங்கிருந்து அது பல நூல்களுக்குப் பரவியது. தமிழ்ச் சிறு நூல்களில் அது இன்னொரு மாற்றத்தையும் அடைந்தது. நமக்கு உவப்பில்லாத பகுதி கைவிடப்பட்டு, ஹஜ்ஜாஜின் கொடுமைக்கு அஞ்சி வந்த ஹாஷிம் குலத்தாரே நம் முன்னோர் என்னும் பகுதி மட்டும் ஐயத்திற்கு இடமில்லாத உண்மையாக நிலைநாட்டப்பட்டது. வில்க்ஸ் எழுதியது ஹஜ்ஜாஜ் இறந்து (714) ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்குப் பின்னர். நெடுங்காலத்திற்குப் பின் பதியப்பட்ட குலமரபுச் செய்திக்குரிய தரத்திலேயே அதை வைக்க வேண்டும். இஸ்னாதைத் தந்த சமூகம், தன் வரலாற்றுக்கு வரும்போது இஸ்னாதைக் கேளாமல் விடுவது பொருந்தாது.

இதனால் தென்னகக் கரைகளில் முஸ்லிம்களின் தொன்மை குறைந்துவிடுமோ என்னும் அச்சம் வேண்டியதில்லை. கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வழங்கப்பட்ட 849ஆம் ஆண்டுச் செப்பேட்டில், சாட்சிகளாய் நின்ற முஸ்லிம்கள் கூஃபி எழுத்தில் இட்ட கையொப்பங்கள் இன்றும் உள்ளன. இதனை நாம் உறுதி வாய்பாட்டிலேயே சொல்லலாம். லெப்பை என்னும் பெயர் ‘லப்பைக்’ என்ற அரபுச் சொல்லினின்று வந்தது என்பாரும், ‘அரபி’ என்பதன் திரிபு என்பாரும் உளர். இதனை நலிவு வாய்பாட்டில் சொல்வோம். இரண்டையும் ஒரே குரலில் சொல்லும்போதுதான் முதலாவதன் மதிப்பும் குன்றிவிடுகிறது.

சமவெளியின் ஊர் வரலாறு

கடற்கரைப் பட்டினங்களுக்குச் செப்பேடும் கல்லறைக் கல்வெட்டும் உள்ளன. உள்நாட்டுச் சிற்றூர்களின் நிலை வேறு. சேலம், நாமக்கல் சமவெளியில் ஊர் வரலாறு எழுத முனைவோர் கைக்கு எளிதில் எட்டுபவை இரண்டு ஆங்கில நூல்கள். ஒன்று லெ ஃபானு தொகுத்து 1883இல் வெளியான சேலம் மாவட்டக் கையேடு, மற்றது எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் எழுதி 1918இல் வெளியான சேலம் மாவட்ட கெசட்டியர். அரசு ஆவணங்களும், கீழ்நிலை அலுவலர் வழி வந்த குறிப்புகளும், ஊரார் சொன்ன கதைகளும் கலந்தே இத்தகைய நூல்கள் உருவாயின. ஆவணத்திலிருந்து எடுத்ததையும் ஊரார் சொன்னதையும் வேறுபடுத்த அவற்றின் ஆசிரியர்களிடம் இருந்த கருவி வரம்புச் சொல் ஒன்றே. அதை நீக்கிப் படித்தால் அந்நூல்களைப் படித்ததாகாது.

எடுத்துக்காட்டாகச் சேலத்துக்கு அண்மையிலுள்ள பனமரத்துப்பட்டியின் வரலாற்றை ஒருவர் எழுத முற்படுவதாகக் கொள்வோம். அவர் திட்டமாகச் சொல்லத்தக்கவை சில உண்டு. 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தான் சேலம் பகுதியையும் பாராமகாலையும் ஆங்கிலக் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாயிருந்த தாமஸ் மன்றோவும் அதன்பின் இப்பகுதியில் நிலவரி ஏற்பாட்டைத் தொடங்கினர். பின்னாளில் ரயத்துவாரி என்று பெயர்பெற்ற முறை இங்குதான் உருக்கொண்டது. ஆங்கிலேயர் காலத்தில் அமைந்த பனமரத்துப்பட்டி ஏரி, சேலம் நகருக்குக் குடிநீர் தந்தது. இவற்றுக்கு ஆவணம் உண்டு, ஐயக்குறிப்புத் தேவையில்லை.

அடுத்த தரத்தில் ஊர்ப்பெயர் வருகிறது. பனைமரங்களால் பெற்ற பெயர் என்பது சொல்லமைப்பிலேயே விளங்குகிறது. எனினும் பெயரிட்டவரையும் காலத்தையும் சொல்லும் சான்று கையில் இல்லாதபோது, ‘பெற்றிருக்கக் கூடும்’ என்பதே முறை. மூன்றாம் தரத்தில் குடும்ப மரபுகள் நிற்கின்றன. தம் மூதாதையர் ஹைதர் அலீயின் படையோடு வந்தவர் என்றோ, திப்புவின் காலத்தில் நிலம் பெற்றவர் என்றோ ஒரு குடும்பத்தார் சொல்வாராயின், அதைப் புறந்தள்ளுவது தவறு. உறுதிச் செய்தியாக எழுதுவதும் தவறு. சொன்னவர் யார், யாரிடம் கேட்டார், எத்தனை தலைமுறைக்கு முன் நிகழ்ந்ததாகச் சொல்கிறார் என்பவற்றோடு சேர்த்துப் பதிய வேண்டும். அதுவே நம்மவரின் இஸ்னாத் முறை.

பிறகு தேட வேண்டிய இடங்களும் உள்ளன. 1858இல் சென்னை மாகாணத்தில் அமைக்கப்பட்ட இனாம் ஆணையம், பள்ளிவாசல்களும் தர்காக்களும் அனுபவித்துவந்த மானிய நிலங்களையும் விசாரித்துப் பதிவேடுகளை உண்டாக்கியது. 1954ஆம் ஆண்டின் வக்ஃப் சட்டத்தின்கீழ் நிகழ்ந்த கணக்கெடுப்பும் உண்டு. நலிவு வாய்பாட்டில் எழுதப்பட்ட செய்தி, இத்தகைய பதிவேட்டில் சான்று கிடைக்கும் நாளில் உறுதி வாய்பாட்டுக்கு உயரும். தொடக்கத்திலேயே உறுதியாக எழுதிவிட்டால் தேடுவதற்கு எவரும் முன்வரமாட்டார். வரம்புச் சொல் அடுத்த ஆய்வாளருக்கு வேலை எங்கே எஞ்சியிருக்கிறது என்று காட்டுகிறது.

இங்கு உணர்ச்சிக்கு அப்பாற்பட்ட ஒரு தேவையும் இருக்கிறது. ஒரு பள்ளிவாசலின் பழமையோ கபரஸ்தானின் எல்லையோ வழக்காடும் நிலைக்கு வருமானால், விழா மலரில் மிகைப்பட எழுதிய ஒரு வரி எதிர்த்தரப்பின் கையில் ஆயுதமாகும். ஒன்றில் பொய்த்த எழுத்தை மற்றொன்றில் எவரும் நம்பமாட்டார்.

அறிவுரையில் வரம்பு

கூற்றுக்கு வரம்பு வேண்டுவதுபோல் அறிவுரைக்கும் வேண்டும். இமாம் மாலிக்(ரஹ்) (இறப்பு ஹிஜ்ரி 179/கி.பி. 795) அவர்களிடம் 48 கேள்விகள் கேட்கப்பட்டபோது, 32 கேள்விகளுக்கு ‘லா அத்ரீ’ (எனக்குத் தெரியாது) என விடையளித்ததாக அறிவிக்கப்படுகிறது. ஃபத்வாவின் இறுதியில் ‘வல்லாஹு அஃலம்’ என்று எழுதுவதும் இவ்வொழுக்கத்தின் வெளிப்பாடே. நம் மத்ஹபு சரியானது, எனினும் அதில் தவறு இருக்க இடமுண்டு; பிறர் மத்ஹபு தவறானது, எனினும் அது சரியாயிருக்க இடமுண்டு என்னும் கருத்தமைந்த கூற்று ஒன்று அறிஞரிடையே புகழ்பெற்றது. இன்று பலரும் இதனை இமாம் ஷாஃபிஈ(ரஹ்) அவர்களின் வாக்காக எடுத்துரைக்கின்றனர். ஹனஃபீ நூல்களிலோ இது நஸஃபீ(ரஹ்) அவர்களின் பெயரால் காணப்படுகிறது. வரம்பைப் போதிக்கும் கூற்றே தன் இஸ்னாதை இழந்து உலவுவது சிந்திக்கத்தக்கது.

ஆங்கில அறிவுரை நூல்களிலும் விளம்பரங்களிலும் இன்று பெருகியுள்ள எச்சரிக்கைக் குறிப்புகளை இவ்வளவைக்கொண்டே பிரித்தறியலாம். ‘இம்மருந்து சிறுநீரக நோயாளருக்குப் பொருந்தாது’ என்பது வாசகரைக் காக்கிறது. எங்கே நிற்க வேண்டும் என்று சொல்கிறது. ‘விளைவுகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்பது எழுதியவரைக் காக்கிறது. வாசகருக்கு அதனால் அறிவு எதுவும் கூடுவதில்லை. வரலாற்றெழுத்திலும் இவ்விரு வகையும் உண்டு. ‘இச்செய்தி ஒரே நூலில் காணப்படுகிறது’ என்பது முதல் வகை. பிறரைப் பற்றிய அவதூறை ‘என்று சொல்கிறார்கள்’ என்னும் திரைக்குப் பின்னிருந்து பரப்புவது இரண்டாம் வகை. யார் சொன்னார் என்று கூறாத ‘சொல்கிறார்கள்’, நலிவு வாய்பாட்டின் ஆடையணிந்த பொறுப்பின்மையே.

வரம்பைத் துல்லியமாக்கவும் வழியுண்டு. காலநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா. சார்ந்த பன்னாட்டு அரசுகளுக்கிடையிலான குழு, தன் அறிக்கைகளில் ‘லைக்லி’ என்று எழுதினால் 66 விழுக்காட்டுக்குக் குறையாத வாய்ப்பு என்றும், ‘வெரி லைக்லி’ என்றால் 90 விழுக்காட்டுக்குக் குறையாதது என்றும் பொருள் வரையறுத்துள்ளது. ஒரு சொல்லுக்கு ஒரு தரம் என்று முன்கூட்டியே உடன்பட்டு எழுதுவது முஹத்திஸ்களின் நெறிக்கு அயலானதன்று.

நம் ஊர் வரலாற்றை எழுதுவோர் மூன்றைக் கடைப்பிடித்தல் நலம். ஆங்கில மூலத்தில் வரம்புச் சொல் இருப்பின், அதற்கு நேரான சொல்லைத் தமிழிலும் இட வேண்டும். மூலத்தின் வரம்புச் சொல்லே ஒருதலைச் சார்பாய் அமைந்திருப்பின், அதனைச் சுட்டிக்காட்ட வேண்டும். நமக்கு உவப்பான செய்திக்கும் உவப்பற்ற செய்திக்கும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்த வேண்டும். எழுத்து ஓர் அமானிதம். நம் பேரர்கள் நம் நூல்களை மூலமாகக் கொள்ளப்போகிறவர்கள். நமக்குத் தெரிந்தது எது, நாம் கேள்விப்பட்டது எது என்பதை அவர்கள் பிரித்தறியும்படி எழுதிவைப்பது நம்மீது அவர்களுக்குள்ள உரிமை. வல்லாஹு அஃலம்.